கோப்பு இல்லாத சங்கத்துக்கு மானியம் எட்டாது

2025-இல் மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ரா ‘தர்ம மடானி’ என்றொரு திட்டத்தை அறிவித்தது. நாடு முழுவதும் பதிவு பெற்ற 1,000 இந்து ஆலயங்களுக்குத் தலா 20,000 ரிங்கிட், மொத்தம் 2 கோடி ரிங்கிட். ஆலயங்கள் வழிபாட்டோடு நின்றுவிடாமல் சுற்றுவட்டார மக்களுக்கான சமூக மையங்களாகவும் செயல்பட வேண்டும் என்பது நோக்கம். பெரிய நகரத்துக் கோயிலுக்கு இந்தத் தொகை திருவிழாச் செலவில் ஒரு பகுதிதான். நெகிரி செம்பிலானில் பெடாஸ், செம்போங், லிங்கி பக்கத்துத் தோட்டக் கோயிலுக்கோ அது சில ஆண்டு உண்டியல் வசூலுக்குச் சமம்.

இப்படி ஓர் அறிவிப்பு வந்த அன்று தோட்டத்துப் புலனக் குழுக்களில் நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். “கடைசி மூணு வருஷக் கணக்கு யாருகிட்டண்ணே இருக்கு?” என்று இளைய செயலாளர் கேட்பார். “பழைய பொருளாளர்கிட்டதான் தம்பி. அவரு மகளோட சிரம்பானுக்குப் போயிட்டாரு” என்பார் தலைவர். கணக்குப் புத்தகம் வந்து சேர ஒரு வாரம். ஆண்டுக்கூட்டக் குறிப்பில் கையெழுத்து இல்லை என்று தெரிய இன்னொரு வாரம். வங்கிக் கணக்கில் இன்னும் பழைய நிர்வாகத்தின் பெயர்தான் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் விண்ணப்ப நாள் முடிந்துவிடும். பிறகு, “எல்லாம் வேண்டியவங்களுக்குத்தான் கொடுக்கிறாங்க” என்று ஒரு குரல் எழும்.

அந்தக் குரலில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மானியம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அறிவிப்புக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. யாருடைய கோப்பு தயாராக இருக்கிறதோ அவர்கள் மறுநாளே விண்ணப்பிக்கிறார்கள். மற்றவர்கள் அன்றுதான் கோப்பைத் தேடத் தொடங்குகிறார்கள்.

பெடாஸ் ரெம்பாவ் மாவட்டத்தைச் சேர்ந்தது. சிரம்பானிலிருந்து தம்பின் போகும் பழைய சாலையும் ரயில் பாதையும் இந்தப் பக்கமாகவே செல்கின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பெடாஸ்-லிங்கி என்று பெயர்ப்பலகையே உண்டு. வெந்நீர் ஊற்றுக்கு வரும் நகரத்தார் பலருக்கு இவ்வட்டாரம் நூறாண்டுக்கும் மேலாகத் தமிழர் பால்மரம் சீவிய மண் என்பது தெரிவதில்லை. மேற்கே ரந்தாவ் பக்கம் லின்சம், கொம்போக், போர்ட்டிக்சன் போகும் வழியில் பிராட்வால், அத்தர்டன், சங்காலா என்று தோட்டப் பெயர்கள் நீண்டுகொண்டே போகும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் காலியாகி, குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் பெயர்ந்தன. பிள்ளைகள் செனவாங் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார்கள். தோட்ட வேலையில் இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

இந்த இடப்பெயர்வில் ஒரு பொறுப்பு யார் கையிலும் இல்லாமல் நழுவிப் போனது. மலாய்க் கூட்டு மாநிலங்களில் நெகிரி செம்பிலானும் ஒன்றாக இருந்தது. அங்கு 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும் என்றது. ஒரு வாத்தியார், ஒரு கொட்டகை என்று தரம் எப்படி இருந்தாலும் கடமை முதலாளியுடையது. பிள்ளைகளைப் பார்க்க ஆயாக் கொட்டகை, மருந்துக்கு டிரெஸ்ஸர், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை என்று பலவும் தோட்டக் கணக்கிலேயே ஓடின. தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில் அந்தக் கணக்கும் முடிந்தது. டியூஷன் வகுப்பு, பாலர் பள்ளி, முதியோர் உதவி, இளைஞர் வழிகாட்டல் எல்லாம் ஆலய நிர்வாகத்தின் மீதும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மீதும் பள்ளி மேலாளர் வாரியத்தின் மீதும் வந்து விழுந்தன. அவர்களிடம் மனம் இருந்தது, பணம் இல்லை.

பணத்தைத் திரட்டத் தெரியாத சமூகம் அல்ல இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குத் தொகையில் தோட்டங்களே வாங்கப்பட்டன. 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் தொண்டூழியர்களையும் குறைந்த கட்டணத்தையும் நம்பியே நாடெங்கும் வகுப்பு நடத்தி வருகிறது. இப்படிப்பட்ட முயற்சிகள் நிலைக்க, கணக்கை எழுதி வைக்க வேண்டும், பொறுப்பு கைமாறும்போது ஏடும் கைமாற வேண்டும்.

அரசுப் பணம் எங்கெங்கே இருக்கிறது என்பதைத் தோட்டத்துச் சங்கங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பலருக்கும் மித்ரா ஒன்றுதான் தெரியும். 2014-இல் பிரதமர் துறையின் கீழ் செடிக் என்று தொடங்கி, 2018-இல் மித்ரா என்று பெயர் மாறி, ஒற்றுமை அமைச்சுக்கும் பிரதமர் துறைக்குமாக இடம் மாறிக்கொண்டே வந்த பிரிவு அது. ஆண்டு ஒதுக்கீடு 10 கோடி ரிங்கிட் என்பது பட்ஜெட் தோறும் செய்தியாவதால் அதைச் சுற்றியே அத்தனை எதிர்பார்ப்பும்.

வேறு கதவுகளும் உண்டு. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு இஸ்லாம் அல்லாத வழிபாட்டுத் தலங்களின் பராமரிப்புக்கும் மேம்பாட்டுக்கும் தனியாக நிதி வைத்திருக்கிறது. சமூக நல இலாகா, முதியோர், சிறார், உடற்பேறு குறைந்தோருக்காக உழைக்கும் இயக்கங்களுக்கு ஆண்டு மானியம் தருகிறது. அரசு முதலீட்டு நிறுவனமான கஸானாவின் அறவாரியம் யாயாசான் ஹசானா, நிதியமைச்சின் பணத்தைச் சிறப்பு மானியமாகப் பொது இயக்கங்களுக்கு வழங்கியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டம் நடத்தும் சிறு மானியத் திட்டம் 2001 முதல் மலேசியாவில் இயங்குகிறது. ஆற்றோரம், காடு, கழிவு மேலாண்மை போன்ற பணிகளுக்கு அது சிறு தொகைகளைத் தருகிறது. லிங்கி ஆற்றைச் சுற்றி வாழும் மக்களுக்குப் பொருந்தாத திட்டமல்ல அது. மாநில அரசு, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி ஒதுக்கீடு என்று சிறு தொகைகளும் இருக்கின்றன.

நாடாளுமன்றத்தின் வழியாகவும் ஒரு பாதை திறந்திருக்கிறது. நீடித்த மேம்பாட்டு இலக்குகளுக்கான அனைத்துக் கட்சி நாடாளுமன்றக் குழு 2019-இல் அமைந்தது. டத்தோ டெனிசன் ஜெயசூரியா அதன் செயலகத்தை வழிநடத்தினார். 2020-இல் பத்துத் தொகுதிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். முதலில் தொகுதிக்குப் போய் மக்களிடம் பேசி என்ன பிரச்சினை என்று பட்டியலிட்டார்கள். அதன் பிறகே அதைத் தீர்க்கக்கூடிய உள்ளூர் அமைப்புகளுக்குச் சிறு தொகைகளைக் கொடுத்தார்கள். பிரச்சினையை முதலில் எழுது, பணத்தைப் பிறகு கேள் என்ற இந்த வரிசையைத் தோட்டத்துச் சங்கங்கள் தாங்களாகவே பின்பற்றலாம்.

அடுத்தது காலம். மலேசிய அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. பட்ஜெட் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகிறது. ஒதுக்கீடு ஜனவரியில் உயிர் பெறும். விதிமுறை வகுத்து, விண்ணப்பம் அழைத்து, பரிசீலித்துக் கையில் காசு தருவதற்குள் ஆண்டின் பாதி ஓடிவிடும். ஆனால் 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியிலேயே தொடங்குகிறது. ஜூலையில் வரும் பணத்தில் அந்த ஆண்டின் ஆறாம் ஆண்டு மாணவனுக்கு என்ன டியூஷன் நடத்த முடியும்? ஆகையால் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே எழுதி வைப்பதும், முதல் ஆறு மாதத்தைச் சொந்தக் காசில் ஓட்டுவதற்கு ஏற்பாடு செய்வதும் தவிர வேறு வழி இல்லை.

எழுதி வைப்பது என்றால் என்ன? ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். பெடாஸ் வட்டாரத்து ஆலயம் ஒன்று தன் மண்டபத்தில் முப்பது பிள்ளைகளுக்கு வாரம் இரு நாள், ஆண்டுக்கு 40 வாரம் டியூஷன் நடத்த நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் இருவர், ஒரு வகுப்புக்கு ஒருவருக்கு 50 ரிங்கிட். எண்பது வகுப்புக்கு 8,000. பிள்ளைக்கு 60 ரிங்கிட் வீதம் பயிற்சி நூல்கள் 1,800. மாலையில் ஒரு மைலோவும் பன்னும் தலைக்கு 2 ரிங்கிட் என்றால் ஆண்டு முழுதும் 4,800. செம்பனைத் தோட்டத்துக்குள் இன்னும் குடியிருக்கும் சில குடும்பத்துப் பிள்ளைகளை ஏற்றிவர வேன், தடவைக்கு 40 வீதம் 3,200. தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகளின் தரத்தைச் சோதிக்க 400. கணக்கைத் தணிக்கை செய்ய 800. எதிர்பாராச் செலவுக்கு 1,000. கூட்டினால் சரியாக 20,000 ரிங்கிட்.

இந்தக் கணக்கில் மண்டப வாடகை இல்லை. அது ஆலயத்தின் பங்கு. வகுப்புக்கு 30 ரிங்கிட் என்று மதிப்பிட்டாலும் 2,400 ரிங்கிட் ஆகிறது. சமைத்துக் கொடுக்கும் அம்மாக்களின் உழைப்பும் பங்குதான். பெரும்பாலான சங்கங்கள் இதை எழுதுவதே இல்லை. “நாங்க சும்மாத்தானே செய்றோம்” என்று விட்டுவிடுவார்கள். பணம் கொடுப்பவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். தமிழ்நாட்டில் 1997-இல் வந்து 2021-இல் மறுபடியும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவான பணிகளுக்கு மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். அங்கே மக்கள் பங்கு இல்லாமல் விண்ணப்பமே கிடையாது. சிங்கப்பூரில் 1991-இல் அமைந்த சிண்டாவின் அடித்தளமும் இந்தியத் தொழிலாளர்களின் மாதச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் சிறு தொகைதான். அந்த நிலையான வரவு இருப்பதால் அடுத்த ஆண்டு வகுப்பு நடக்குமா என்ற கவலை அவர்களுக்குக் குறைவு.

விளைவையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். “மாணவர் முன்னேற்றத்துக்குப் பாடுபடுவோம்” என்ற வாக்கியம் மேடைக்குச் சரி. முப்பது பேரில் எத்தனை பேருக்கு இன்று மலாய் வாசிக்கத் தடுமாற்றம், நவம்பரில் அது எத்தனை பேராகக் குறையும் என்று எழுதினால்தான் அது திட்டம்.

இனிக் கோப்பு. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த அறுபது நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். இப்போது அது இணையவழியிலேயே நடக்கிறது. படிவம் கடினமானதல்ல. ஆனாலும் தோட்டத்து அமைப்புகள் பல தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டு மூன்று ஆண்டு அனுப்பாமல் விட்டால் பதிவே ரத்தாகலாம். பதிவு இல்லையேல் வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லையேல் மானியம் இல்லை. தலைவர் தன் சொந்தக் கணக்கில் சங்கப் பணத்தை வாங்கி வைப்பது நல்ல மனதோடு செய்தாலும் நாளை விசாரணை என்று வந்தால் பதில் சொல்ல முடியாத காரியம். சற்று வளர்ந்த அமைப்புகள் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் வரிவிலக்கு அங்கீகாரம் பெற முயலலாம். அப்போது நன்கொடை தருபவர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரிக்கழிவு கோர முடியும். அரசு மானியம் தாமதமாகும் மாதங்களைத் தாண்ட உள்ளூர் வணிகர்களின் பணம் கைகொடுக்கும்.

தோட்டக் கோயில்களுக்கு இன்னொரு முடிச்சு உண்டு: நிலம். கோயில் நம்முடையது, மண் கம்பெனியுடையது. கட்டட மேம்பாட்டுக்குப் பணம் கேட்டால் நிலம் யார் பெயரில் என்ற கேள்வி வரும். தோட்டம் கைமாறி வீடமைப்பு நிறுவனத்திடம் போகும்வரை யாரும் கடிதம் கேட்பதில்லை. போன பிறகு கேட்டால் கிடைப்பதில்லை. சுபாங் ஜெயாவில் சீபீல்டு மகா மாரியம்மன் ஆலய நிலச் சிக்கல் 2018 நவம்பரில் கலவரமாக வெடித்ததை நாடு மறக்கவில்லை. அதுவும் ஒரு தோட்டக் கோயில்தான். தோட்டம் இன்னும் அதே நிறுவனத்தின் கையில் இருக்கும்போதே எழுத்துமூல அனுமதி வாங்குவது எந்த மானியத்தையும் விட முக்கியமான வேலை.

சங்கங்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு அரசை விட்டுவிடுவது நியாயமாகாது. 2021 இறுதியில் லஞ்ச ஊழல் தடுப்பு ஆணையம் மித்ரா மானியங்களை விசாரித்தபோது சங்கத் தலைவர்களும் நிறுவன இயக்குநர்களும் கைதானார்கள். ஏழைகளுக்குப் பயிற்சி என்று வாங்கிய பணம் வேறு வழியில் போனதா என்பதே விசாரணையின் பொருள். அந்தச் செய்தியின் பாதிப்பு, ஒரு ரிங்கிட்கூட வாங்காத தோட்டத்துச் சங்கங்கள் மீதும் விழுந்தது. 2023-இல் மித்ரா பணம் பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பங்களின் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் நேரடி உதவியாகத் திரும்பியது. தனிமனிதருக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு முறை கிடைக்கும் 2,000 ரிங்கிட், வாரம் இரு நாள் நடக்கும் வகுப்பின் இடத்தை நிரப்பாது. தவறு செய்த சங்கத்தைத் தண்டிப்பது ஒன்று, சங்கம் என்ற ஏற்பாட்டையே சந்தேகிப்பது இன்னொன்று.

சந்தேகத்தைப் போக்கும் வழி அரசின் கையிலேயே இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது, எதற்காக, என்ன நடந்தது என்ற பட்டியலை ஆண்டுதோறும் பொதுவில் வைக்கலாம். எல்லா அமைச்சுகளின் மானிய அறிவிப்புகளையும் ஒரே தளத்தில் காட்டலாம். அமெரிக்க மத்திய அரசு ‘கிராண்ட்ஸ் டாட் கவ்’ என்ற தளத்தில் அதைத்தான் செய்கிறது. விண்ணப்பம் எந்த மாதம் திறக்கும், எந்த மாதம் மூடும் என்ற நாள்காட்டியை முந்தைய டிசம்பரிலேயே வெளியிட்டால், தகவல் முன்கூட்டியே தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள இடைவெளி குறையும். “வேண்டியவங்களுக்குத்தான்” என்ற குரலும் அடங்கும். மானியத்தில் பத்தில் ஒரு பங்கை நிர்வாகச் செலவுக்கு அனுமதிப்பதும் அவசியம். கணக்கைக் கச்சிதமாகக் கேட்டுவிட்டு, கணக்கெழுதக் காசு இல்லை என்றால் எப்படி?

அந்த எழுத்து வேலைக்குப் பெடாஸ் வட்டாரம் தானே ஒரு வழி காணலாம். தனித்தனிச் சங்கத்துக்குத் தனித்தனி எழுத்தர் கட்டுப்படியாகாது. பெடாஸ், செம்போங், ரந்தாவ், லிங்கியில் உள்ள ஆலயங்களும் பள்ளி வாரியங்களும் சேர்ந்து பன்னிரண்டு அமைப்புகள் ஓர் எழுத்தரை வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், இ.பி.எஃப்., சொக்சோ சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 23,500. பன்னிரண்டாகப் பிரித்தால் ஓர் அமைப்புக்கு மாதம் 165 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும். ஆண்டறிக்கை, கணக்கு, விண்ணப்பம், மானியம் வந்த பின் அனுப்ப வேண்டிய அறிக்கை எல்லாம் அவர் பொறுப்பு. எஸ்.டி.பி.எம். முடித்து மலாய் நன்றாக எழுதும் இளம்பெண்களும் பையன்களும் இந்த வட்டாரத்தில் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வேலையும் கிடைக்கும், சமூகத்தின் எழுத்து வேலையும் முடிந்துவிடும்.

அடுத்த பட்ஜெட் அக்டோபரில் வரும். அதற்குள் ஒவ்வொரு நிர்வாகமும் விடுபட்ட ஆண்டறிக்கைகளை அனுப்பி, வங்கிக் கணக்கில் புதிய நிர்வாகிகளின் பெயரைப் பதிந்து, தோட்ட நிறுவனத்திடம் நிலத்துக்கான கடிதம் கேட்டு, ஒரே ஒரு திட்டத்தையாவது கணக்கோடு இரண்டு பக்கத்தில் எழுதி முடிக்கட்டும். பழைய பொருளாளர் சிரம்பானில்தான் இருக்கிறார். கணக்குப் புத்தகத்தை வாங்கிவர இந்த ஞாயிற்றுக்கிழமையே போகலாம்.